ஒரே நுகத்தின் கீழ்

வேலையில் சேர்ந்தவனை "ஜாயின் பண்ணிவிட்டான்" என்கிறோம். இரயில் பாதைகள் கூடுமிடத்தை "ஜங்ஷன்" என்கிறோம். இவ்விரு ஆங்கிலச் சொற்களும் 'யுங்கெரே' என்னும் இலத்தீன் வினைச்சொல்லின் வழிவந்தவை. 'ஜாயின்' பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. யுங்கெரே என்றால் நுகத்தில் பூட்டுதல், இணைத்தல் என்பது பொருள். நுகத்தடிக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'யோக்', வடமொழியின் 'யோகம்' ஆகியனவும் இக்குடும்பத்துச் சொற்களே.

இணைப்பே வேண்டாத வேலையும் நம் ஊரில் உண்டு. 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பம், ஒரே மரத்துண்டில் செதுக்கப்படுவதால் சிறப்புற்றது. நுகத்தின் இயல்போ வேறு. அதில் பூட்டிய காளைகள் இரண்டாகவே நிற்கும். அவை உழும் சால் மட்டுமே ஒன்று.

மத்தேயு 19:6-இல் ஆண்டவர் திருமணப் பிணைப்பைப் பற்றிப் பேசுகிறார். அங்கே 'இணைத்தது' என்பதற்குக் கிரேக்க மூலத்திலுள்ள சொல், ஒரே நுகத்தில் சேர்த்துப் பூட்டியதைக் குறிப்பதாகும். புனித எரோணிமுஸ் 4-ஆம் நூற்றாண்டில் திருத்தியமைத்த இலத்தீன் நற்செய்தியும் அவ்விடத்தில் யுங்கெரேயின் கிளைச்சொல்லையே ஆளுகிறது.

ஆகவே, கணவன் மனைவியையோ, மனைவி கணவனையோ தம் விருப்பப்படி செதுக்கிவிட முயல்வது திருமணமாகாது. இருவரும் இருவராகவே நின்று, ஒரே திசையில் நடக்க வேண்டும். ஒரு காளை பின்தங்கினால் சால் கோணும். பாரம் மற்றதன் கழுத்தில் விழும். நம் வீட்டில் பாரம் யார் கழுத்தில் விழுகிறது? பங்கின் ஒவ்வொரு குடும்பமும் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்போமாக.