பால் பத்தலையா, நாக்கு ஒட்டியிருக்கா? காரைக்கால் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய 'டங் டை' விவரம்

சுகப்பிரசவம் என்றால் இரண்டு, மூன்று நாளில் டிஸ்சார்ஜ். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருப்பதுபோலத் தெரியும். தாய்வீட்டுக்கு வந்து, பால் நன்றாகக் கட்டத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கும். குழந்தை முக்கால் மணி நேரம் மார்பிலேயே கிடக்கும். இறக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி அழும். தாய்க்கோ காம்பு வெடித்து, குழந்தையைத் தூக்கும்போதே உடம்பு கூசும். பார்க்க வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "உனக்கு பால் பத்தலைம்மா, டப்பா பால் வாங்கிக் கொடு."

பால் பத்தாமல் இருப்பது வேறு, இருக்கிற பாலை குழந்தையால் இழுக்க முடியாமல் இருப்பது வேறு. இரண்டாவது நிலைக்கு ஒரு காரணம்தான் 'நாக்கு ஒட்டு'. டாக்டர்கள் 'டங் டை' என்பார்கள்.

நாக்கு ஒட்டு என்றால் என்ன?

கண்ணாடி முன் நின்று நாக்கை மேலே தூக்கினால், அடியில் ஒரு மெல்லிய சவ்வு தெரியும். அது எல்லோருக்கும் இருப்பதுதான். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தச் சவ்வு குட்டையாகவோ, தடித்தோ, நாக்கு நுனி வரை ஒட்டியோ இருக்கும். அப்போது நாக்கு ஈறைத் தாண்டி வெளியே நீளாது, மேலேயும் எழும்பாது. அழும்போது நாக்கு நுனி நடுவில் இழுபட்டு இதய வடிவில் தெரிவது ஒரு அடையாளம். பிறக்கும் குழந்தைகளில் சுமார் 4 முதல் 11 சதவீதம் வரை இது இருப்பதாகச் சொல்லப்படுகிறது. ஆண் குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகம். கர்ப்பத்தில் சாப்பிட்டதாலோ, கிரகணத்தன்று வெளியே போனதாலோ வருவதில்லை.

பால் குடிக்கும்போது குழந்தையின் நாக்கு கீழ் ஈறை மூடிக்கொண்டு, காம்பையும் அதைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்து அணைக்க வேண்டும். நாக்கு நீளவில்லை என்றால் குழந்தை காம்பை மட்டும் ஈறால் கடித்து இழுக்கும். வலி, வெடிப்பு, குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம், அடிக்கடி நழுவி விலகுவது எல்லாம் இதனால்தான். வாய் விட்டதும் காம்பு நசுங்கி, லிப்ஸ்டிக் முனை மாதிரி சாய்ந்திருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மார்பில் பால் காலியானால்தான் அடுத்த பால் சுரக்கும். குழந்தை சரியாக இழுக்காமல் பால் தேங்கினால், சில வாரங்களில் சுரப்பு நிஜமாகவே குறைந்துவிடும். தேங்கிய பாலால் மார்பு வீங்கி, காய்ச்சலும் வரலாம். முதல் வாரத்தில் தவறாகச் சொன்ன 'பால் பத்தலை', இரண்டாவது மாதத்தில் உண்மையாகிவிடுவது இப்படித்தான்.

அப்போ உடனே வெட்டிடலாமா?

வேண்டாம். நாக்கு ஒட்டு இருக்கும் பல குழந்தைகள் எந்தச் சிரமமும் இல்லாமல் பால் குடிக்கின்றன. காம்பு வலிக்கும் பெரும்பாலும் காரணம், குழந்தையை மார்பில் பிடிக்க வைக்கும் விதம்தான். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். வாயை அகலத் திறந்த பிறகு, தாடை முதலில் மார்பில் படும்படி கொண்டு வர வேண்டும். மேல் உதடு, கீழ் உதடு இரண்டும் வெளியே மலர்ந்திருக்க வேண்டும். அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு முழு வேளை பால் கொடுப்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மட்டும் முடிவு செய்யக் கூடாது.

2017-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 302 குழந்தைகள் பங்கேற்ற 5 ஆய்வுகளை அலசியது. சவ்வை வெட்டியதால் தாயின் வலி குறுகிய காலத்தில் குறைந்தது. ஆனால் குழந்தை பால் குடிப்பது மேம்பட்டதா என்பதில் சீரான முடிவு கிடைக்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2024-ல் வெளியிட்ட அறிக்கையும், முதலில் தாய்ப்பால் ஆலோசனை, அதன் பிறகும் சரியாகவில்லை என்றால்தான் சிகிச்சை என்கிறது. மேலுதட்டுச் சவ்வு, கன்னச் சவ்வு என்று சேர்த்து வெட்டுவதற்கும், கத்தரியைவிட லேசர் மேல் என்பதற்கும் ஆதாரம் போதாது. லேசர் விளம்பரம் பார்த்து காசு செலவழிக்கும் முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

வெட்டுவது எப்படி?

இது புது சிகிச்சை அல்ல. காரைக்காலை 1739 முதல் 1954 வரை ஆண்ட பிரான்ஸிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1601-ல் பிறந்த இளவரசர், பின்னாளில் மன்னர் 13-ம் லூயி, பிறந்ததும் பால் குடிக்கச் சிரமப்பட்டார். நாக்கின் அடிச் சவ்வுதான் காரணம் என்று கண்டு, அறுவை மருத்துவர் கியெமோ அதை வெட்டினார். அரண்மனை மருத்துவர் எரோவாரின் நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. விரல் நகத்தைக் கூராக வளர்த்து வைத்து, அதாலேயே சவ்வைக் கிழித்த மருத்துவச்சிகளும் ஐரோப்பாவில் இருந்தார்கள். நகத்தாலோ பிளேடாலோ வீட்டில் யாரும் இன்று முயற்சி செய்யக் கூடாது.

மருத்துவமனையில் குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்து, நாக்கைத் தூக்கி, முனை மழுங்கிய கத்தரியால் வெட்டுவார்கள். சில வினாடி வேலை. சில துளி ரத்தம் வரும், உடனே தாய்ப்பால் கொடுக்கச் சொல்வார்கள். வெட்டிய இடத்தில் சில நாள் வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் அது சீழ் இல்லை, ஆறும் புண். அதற்காக ஆபத்தே கிடையாது என்று அர்த்தமில்லை. ரத்தம் நிற்காமல் போகலாம், கிருமித் தொற்று வரலாம், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா என்பதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கீழ்த்தாடை ரொம்பச் சின்னதாக உள்ள குழந்தைக்கு வெட்டினால் மூச்சுக்கே சிரமமாகலாம்.

பால் போதுதா என்று எப்படித் தெரியும்?

அழுகையை வைத்து அல்ல, எடையை வைத்து. முதல் சில நாளில் குழந்தையின் எடை 7 முதல் 10 சதவீதம் வரை குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அதன் பிறகு தினமும் 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும்.

எடை ஏறவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். சிகிச்சை முடிவாகும் வரை பாலைப் பிழிந்து சங்கில், அதாவது பாலாடையில் கொடுக்கலாம். இந்தியக் குழந்தை மருத்துவப் பாடங்களிலும் இதற்குப் 'பாலாடை' என்றே பெயர். அதுவும் போதாமல் டாக்டரே பவுடர் பால் எழுதிக் கொடுத்தால், கொடுப்பதில் தப்பில்லை. பட்டினி கிடக்கும் குழந்தைக்கு முதலில் தேவை பால். ஆனால் அந்த முடிவு டாக்டருடையதாக இருக்கட்டும், கடைக்காரருடையதாக இருக்க வேண்டாம். பவுடர் பாலுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையே 1992-ம் ஆண்டு சட்டம் தடை செய்திருக்கிறது.

பேச்சு வருமா? வசம்பு தடவலாமா?

பாட்டிகளின் பெரிய பயம் இதுதான். நாக்கு ஒட்டு இருந்தால் பேச்சே வராது என்பது சரியல்ல. சில எழுத்துகளின் உச்சரிப்பில் சிரமம் வரலாம், அதைப் பேசும் வயதில் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டி முடிவு செய்யலாம். குழந்தை பேசவே இல்லை என்றால் முதலில் பரிசோதிக்க வேண்டியது காதை. 'பேர் சொல்லா மருந்து' என்று வீட்டில் மரியாதையோடு வைத்திருக்கும் வசம்பை நாக்கில் தடவினால் சவ்வு தளராது. தேனும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.

காரைக்காலில் யாரிடம் போவது?

அரசு பொது மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்கலாம். திருநள்ளாறு, நெடுங்காடு, திருமலைராயன்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்துவிட்டுப் போனால் நல்லது. பிறந்து 30 நாளுக்குள் நோயுறும் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, போக்குவரத்து எல்லாம் இலவசம். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இது உண்டு, பின்னர் ஒரு வயது வரை நீட்டிக்கப்பட்டது.

காரைக்காலுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசம், வடக்கே மயிலாடுதுறை, தெற்கே நாகப்பட்டினம், இரண்டும் தமிழ்நாடு. கணவர் வீடு ஒரு பக்கம், தாய்வீடு மறுபக்கம் என்றால், பிரசவம் ஒரு அரசிடம், தடுப்பூசி இன்னொரு அரசிடம். பிறந்த எடை என்ன என்று அடுத்த டாக்டருக்குத் தெரிய வழி, கையில் உள்ள தாய் சேய் நல அட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டும்தான். நாகூரிலிருந்து வந்தாலும் தரங்கம்பாடியிலிருந்து வந்தாலும் அவற்றைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

குழந்தை பால் குடிக்க எழும்பாமல் துவண்டு கிடந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, உதடு உலர்ந்து உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலோ, நாக்கைப் பற்றிய யோசனையை ஒத்திவைத்துவிட்டு 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.