சலேத் மலையேறிய கதை

கன்னிவாடியில் நின்று தலையைத் தூக்கினால் பழனி மலைத்தொடர்தான் கண்ணில் படும். அந்த மலைக்கு மேலே, கொடைக்கானலில் இருக்கிறது சலேத் மாதா கோயில். சலேத் மேரி, சலேத்ராஜ் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு அந்தச் சொல் நம்முடையதாகிவிட்டது. ஆனால் அது பிறந்தது வேறொரு மலையில்.

பிரான்ஸில், ஆல்ப்ஸ் மலையில் உள்ள சின்னக் கிராமம் லா சலெத். 1846 செப்டம்பர் 19 அன்று மாடு மேய்க்கப் போன மெலனி, மாக்சிமின் என்ற இரண்டு பிள்ளைகள், முகத்தைக் கையில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஓர் அம்மாளைக் கண்டதாகச் சொன்னார்கள். மார்பில் சிலுவை, அதன் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. அவர் பிரெஞ்சில் பேசினார். கிழங்கு அழுகிப்போவதைப் பற்றிச் சொல்ல வந்தபோது மெலனிக்கு விளங்கவில்லை. பிரெஞ்சில் உருளைக்கிழங்குக்கு ‘மண்ணின் ஆப்பிள்’ என்று பெயர். அந்தப் பிள்ளைகளின் பேச்சு மொழியிலோ அதற்கு வேறு பெயர். மெலனி மாக்சிமின் பக்கம் திரும்ப, அந்த அம்மாள் அவர்களுடைய பேச்சுக்கே மாறிக்கொண்டாராம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1851-இல் கிரெனோபிள் ஆயர் அதை மாதாவின் காட்சி என்று ஏற்றுக்கொண்டார்.

இங்கே மதுரைச் சீமையில் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் 1837-இல் வந்து இறங்கியிருந்தார்கள். வெயிலும் காலராவும் அவர்களை வாரிக்கொண்டு போயின. அமெரிக்க மிஷனரிகளுக்கும் அதே கதிதான். 1845-இல் அவர்கள் கொடைக்கானலில் இரண்டு பங்களா கட்டி முந்திக்கொண்டார்கள். பிறகு இயேசு சபையின் லூயி சென் சீர் சாமியார் மேலே வந்தார். உடம்பு தேறுவதற்கென்று வந்த மலையில் ஒரு கோயிலும் எழுந்தது. நெபோ குன்றின் சரிவில் 1866-இல் உருவான அந்தக் கோயிலுக்கு, தங்கள் நாட்டு மலைமாதாவின் பெயரையே வைத்தார்கள். காட்சி நடந்து அப்போது இருபதே வருடம்!

அப்போது மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கத்து மலையடியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டியிருந்தது. வசதியுள்ளவர்களை டோலியில் தூக்கிப் போனார்கள். பஸ் ஏறும் காட் ரோடு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. வெள்ளைக்காரர் கும்பிட 1884-இல் வந்த புனித பேதுரு ஆலயம், வண்ணக் கண்ணாடி ஜன்னலோடு, பார்க்க அழகுதான். ஆனால் கீழ்நாட்டுச் சனம் படியேறுவது சலேத் கோயிலுக்கு.

காட்சி நடந்தது செப்டம்பரில். இங்கே திருவிழா ஆகஸ்ட் 14, 15. பதினைந்தாம் தேதி மாதாவின் விண்ணேற்புத் திருநாள், சுதந்திர தின விடுமுறையும்கூட. திண்டுக்கல், வத்தலக்குண்டு பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சப்பரத்தின் பின்னால் நடப்பார்கள்.

கோயிலின் பெயர்ப்பலகையைக் கவனித்திருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் எழுதும்போதுகூட பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் இல்லை. நம் வாயில் வந்த ‘சலேத்’துக்கு ஏற்றபடி, கடைசியில் ‘டி.எச்.’ போட்டுத்தான் எழுதுகிறார்கள். மெலனிக்கு அன்று விளங்காத அந்த உருளைக்கிழங்கோ, இங்கே கொடைக்கானல் மலையில், பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் இன்னமும் மூட்டை மூட்டையாக விளைகிறது.