பின்கட்டில் இருபது ஆண்டு கிடந்த படகு மோட்டார்

கலசப்பாக்கத்தில் என் வீட்டுப் பின்கட்டில் ஒரு படகு மோட்டார் இருந்தது என்றால் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் நம் செய்யாற்றிலோ பல மாதங்கள் மணல்தான்.

மோட்டார் என் புதுச்சேரிப் பள்ளித் தோழனுடையது. அவன் மீனவர் வீட்டுப் பிள்ளை. 2004 சுனாமிக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குக் கண்ணாடியிழைப் படகும் டீசல் எஞ்சினும் வந்துவிட்டன. பழைய மண்ணெண்ணெய் மோட்டாரை விற்க அவனுக்கு மனம் வரவில்லை. "இங்கே உப்புக் காற்றில் வைத்தால் துரு தின்றுவிடும். நீதான் கரையை விட்டு உள்ளே போய்விட்டாயே, வைத்திரு" என்று கொடுத்தனுப்பினான். நானும் முடிந்துபோன கோப்பைக் கட்டி வைப்பது போலச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டேன். இந்த மாசியில் தொலைபேசியில் கேட்டான்: "அது உயிரோடு இருக்கிறதாடா?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரெஞ்சில் இந்த மோட்டாருக்கு 'ஓர்-போர்' என்று பெயர். படகின் விளிம்புக்கு வெளியே இருப்பது என்று பொருள். அந்த 'வெளியே' என்பதில்தான் இதன் வரலாறே அடங்கியிருக்கிறது. 1881இல் குஸ்தாவ் துரூவே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் ஒரு படகின் சுக்கானோடு மின்மோட்டாரைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். வேண்டும்போது அதைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மோட்டாரைச் சாதாரண மனிதர் கைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஓல் எவின்ரூட். நார்வேயில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குப் போனவர். 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்ரோல் மோட்டாரின் திறன் ஒன்றரைக் குதிரைசக்தி, எடை சுமார் 28 கிலோ. ஒருவர் தோளில் தூக்கிப் போய்விடலாம்.

இப்படித் தூக்க முடிவது நம் சோழமண்டலக் கரைக்கு ஏன் முக்கியம் என்று பார்ப்போம். இங்கே இயற்கைத் துறைமுகம் குறைவு. கரையை ஒட்டியே அலை உடைகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்கு வந்த கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் சலங்குப் படகுகள்தான் அலை தாண்டிக் கொண்டுவரும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. 'சலங்கு' என்ற நம் சொல்லையே பிரெஞ்சுக்காரர் 'ஷெலேங்' என்று தங்கள் ஏடுகளில் எழுதினார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் இயந்திரப் படகுக்கான முயற்சிகள் தொடங்கின. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து ஒப்பந்தம் செய்தன. கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் பணி தொடங்கியது. எஞ்சினைப் படகின் வயிற்றுக்குள் வைத்து, சுழலியை அடியில் பொருத்துவது அவர்கள் முறை. அப்படிப்பட்ட படகை மணலில் இழுத்துப் போட முடியாது. அதற்குத் துறைமுகமோ முகத்துவாரமோ வேண்டும். ஆகவே துறைமுகம் உள்ள ஊர்கள் முன்னேறின. திறந்த கரையில் கட்டுமரம் வைத்திருந்த குப்பங்கள் பின்தங்கின.

அவர்களுக்கு வழி திறந்தது வெளியே மாட்டும் மோட்டார்தான். கரை நெருங்கியதும் அதைச் சாய்த்துச் சுழலியை நீருக்கு மேலே தூக்கிவிடலாம். இறங்கியதும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். 1980களில் ஜப்பானிய மண்ணெண்ணெய் மோட்டார்கள் கேரளக் கரையில் வேகமாகப் பரவின. அரசும் மானியம் கொடுத்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மோட்டார் பழுதுபார்க்கப் பணிமனைகளே நடத்தியது. என் தோழன் வீட்டு மோட்டாரும் அந்தக் காலத்தது.

பணிமனை தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. கட்டுமரம் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள். ஊறிய மரம் கனக்கும், காய்ந்தால் மிதக்கும். அதற்கு ஓய்வுதான் மருந்து. மோட்டாருக்கோ ஓய்வே நோய். ஓடாமல் கிடந்தால் உள்ளே தங்கிய எரிபொருள் பிசினாகிறது, ரப்பர் இறுகுகிறது, பாயிண்டில் களிம்பு பிடிக்கிறது. துடுப்பையும் பாயையும் நம்பியிருந்தவர்கள் மண்ணெண்ணெய், உதிரி பாகம், மெக்கானிக் என்று மூன்று பேரை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

மெக்கானிக்கைத் தேடி நான் கடற்கரைக்குப் போகவில்லை. நம் பக்கத்துக் கிணறுகளில் ஓடிய வில்லியர்ஸ் எஞ்சினை மறந்திருக்க மாட்டீர்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதுதான் காரணம். படகு மோட்டாரும் அதே முறைதான். மலையடிவாரத்தில் அந்தக் கால எஞ்சின்களைப் பார்த்த ஒரு பெரியவர் வந்தார். கடலையே இரண்டு முறைதான் பார்த்தவர்.

"கயிற்றை இழுத்துப் பார்க்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் சார். உள்ளே ஒட்டியிருந்தால் வளையம் உடைஞ்சிடும்" என்று தடுத்தார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்தார். மறுநாள் கையால் மெதுவாகச் சுற்றினார். சுழன்றது. கார்புரேட்டரைத் திறந்தபோது அடியில் பழைய எரிபொருள் வெல்லப்பாகு போல இறுகிக் கிடந்தது. வாங்கி வைத்த அன்றே நான் வடித்திருக்க வேண்டும், அது என் தவறு. ஜெட்டின் துளையைக் கம்பி விடாமல், ஊறவைத்து ஊதியே எடுத்தார். பாயிண்டைத் தேய்த்ததும் நீலப் பொறி வந்தது. கீழ்ப் பெட்டியில் கியர் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். நல்லவேளை, அப்படி இல்லை. குளிர்ச்சிக்குத் தண்ணீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் மட்டும் கருவாடாகிவிட்டது. புதிதைத் தோழனின் பேரன் கடலூரிலிருந்து வாங்கி அனுப்பினான்.

தண்ணீர் இல்லாமல் இதை ஓட்டினால் சில நிமிடங்களில் கெட்டுவிடும். ஆகவே பெரிய டிரம்மில் கிணற்று நீர் நிரப்பி, பலகை கட்டி மாட்டினோம். எண்ணெய் கலந்த புதுப் பெட்ரோல் ஊற்றினோம். பதினொன்றாவது இழுப்பில் இருமியது. அடுத்ததில் பிடித்துக்கொண்டது. பக்கத்துத் துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீச்சியடித்தது. அந்தத் தாரை வந்தால்தான் குளிர்ச்சி சரியாக நடக்கிறது என்று நம்பலாம்.

தொலைபேசியை மோட்டார் பக்கம் நீட்டினேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு தோழன் கேட்டது ஒன்றே ஒன்று: "உப்பு கரகரப்பு கேட்கவில்லையே?" இல்லை என்றேன். "உன்னிடம் அனுப்புவதற்கு முதல் நாள் அரைமணி நேரம் நல்ல தண்ணீரில் ஓட்டினேன்டா" என்றான். உள்ளே உப்பு தங்காமல் காத்தது அந்த அரைமணிதான். நான் பொத்திப் பொத்தி வைத்த இருபது ஆண்டும் அதற்கு ஈடாகாது.

பேரன் சித்திரையில் வந்து எடுத்துப் போகிறான். அதுவரை மாதம் ஒருமுறை டிரம்மில் ஓட்டி, பிறகு கார்புரேட்டரை வடித்து வைக்கிறேன். உங்கள் கொட்டகையிலும் பழைய எஞ்சின் ஏதாவது கிடந்தால், கயிற்றை இழுக்கும் முன் பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.