கொண்டல்

கடற்கரை ஊர்களில் ‘கொண்டல் அடிக்குது’ என்றால் கிழக்கேயிருந்து காற்று வருகிறது என்று பொருள். அகராதியைத் திறந்தால் மேகம், மழை, கிழக்குத் திசை என்றும் அதே சொல்லுக்குப் பொருள் தந்திருப்பார்கள். திருமாலுக்குக் கொண்டல்வண்ணன் என்று பெயர் வந்தது நீருண்ட மேகத்தின் கருமையால். முகிலும் காற்றும் திசையும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியேறின?

வேர் ‘கொள்’. நீரைக் கொண்டது கொண்டல். கொண்டது எங்கிருந்து? கடலிலிருந்துதான். உலகில் ஆவியாகும் நீரில் ஏறக்குறைய 86 விழுக்காடு கடற்பரப்பிலிருந்தே எழுகிறது. திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் மேகம் கடலுக்குள்ளேயே புகுந்து நீரை மொண்டுகொண்டு மேலேறும். உண்மையில் அப்படி ஏறுவது கண்ணுக்குத் தெரியாத நீராவி. உப்பு கடலிலேயே தங்கிவிடும். ஆவி உயரே போய்க் குளிர்ந்து, தூசியையோ அலை தெறித்த உப்புத் துகளையோ பற்றித் துளியான பிறகுதான் நமக்கு மேகம் தெரிகிறது. ஒரு கன கிலோமீட்டர் அளவுள்ள திரள்மேகத்தில் சுமார் 500 டன் நீர் இருக்கும்.

ஆக, கடலிடம் நீரைக் கொள்வது முதலில் காற்று, மேகம் பிறகு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தவர்கள் பிழை செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

திசைக்கு வருவோம். அக்டோபர் வாக்கில் ஆசிய நிலப்பரப்பு குளிரத் தொடங்க, காற்று திசை மாறி வங்கக் கடலைக் கடந்து வருகிறது. கடந்த தூரமெல்லாம் ஈரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டு ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி, டிசம்பர் வரையான அந்த மூன்று மாதங்களில் விழுகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்றோ சுமந்த நீரின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையில் இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு இறங்கும். மேற்குக் காற்றுக்குப் பழைய பெயர் கோடை. இன்று அந்தச் சொல் வெயில் காலத்தின் பெயராகிவிட்டது. காற்றென்ற பொருள் பெரும்பாலும் மறந்துபோனது. வடக்கிலிருந்து வரும் வாடையும் தெற்கிலிருந்து வரும் தென்றலும் அப்படித் தொலையவில்லை.

பள்ளிப் பாடத்தில் நீர்ச்சுழற்சிக்கு அம்புக்குறி போட்ட படம் இருக்கிறது. அதன் ஓரத்தில் கொண்டல் என்றொரு சொல்லை எழுதிவைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மட்டக்களப்புப் பக்கம் மேற்கிலிருந்து வறண்டு வீசும் காற்றைக் கச்சான் என்பார்கள், கோடை என்பதில்லை. கொண்டல் மட்டும் அங்கேயும் கொண்டல்தான். அவர்களுக்கும் கிழக்கே அதே கடல்.