துண்டு என்னும் சிறு சொல்

"எங்கப்பனத் துண்டுலதான் ஐயா வித்தாங்க."

எட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு றப்பர்த் தோட்டத்தில், லயத்து வாசலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். 1980களின் நடுப்பகுதி அது. பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சப்ரகமுவ தோட்டங்களின் நிலைமை பற்றி எழுதுவதற்காகப் போயிருந்தேன்.

அவர் சொன்னதைக் கேட்டதும் என் மனத்தில் மாட்டுச் சந்தை தோன்றியது. தமிழ்நாட்டுச் சந்தைகளில் தரகர்கள் கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதன் அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா? அந்த முறையைத்தான் பெரியவர் உவமையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "சந்தையில் மாட்டை விற்பதுபோல் தம் தந்தையை விற்றார்கள் என்று கண்கலங்கினார்" என எழுதினேன். அப்படியே அச்சாகியது. நல்ல வரி என்று நண்பர்கள் பாராட்டவும் செய்தார்கள்.

அந்த வரி பிழையானது. பெரியவர் உவமை எதுவும் சொல்லவில்லை. ஒரு சட்டச் சொல்லைச் சொன்னார். அவர் கண்கலங்கவும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, இலங்கையின் பழைய தொழிற் சட்டங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஆங்கில வாக்கியங்களின் நடுவே நம் 'துண்டு' ஆங்கில எழுத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். அன்று முதல் இந்தச் சொல் என்னை விடவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். துணித்தல் என்றால் வெட்டுதல். வெட்டப்பட்டது துணி, வெட்டி எடுத்த சிறு பகுதி துண்டு, தொடர்பை வெட்டிவிடுவது துண்டித்தல். துணிவு என்ற சொல்லும் இதே குடும்பம்தான். ஐயத்தை வெட்டி ஒரு முடிவுக்கு வருவதே துணிதல். வள்ளுவர் அச்சொல்லை அந்தப் பொருளிலும் ஆண்டிருக்கிறார். கன்னடத்திலும் துளுவிலும் துண்டு என்றால் துண்டுதான். மலையாளத்திலும் அப்படியே. தெலுங்கில் அது தோளில் போடும் துணியையும் குறிக்கும். ஆக, தென்னாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பழஞ்சொல் இது.

நாள்தோறும் இதை எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறோம்! மீன் கடையில் ஒரு துண்டு கேட்கிறோம். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம். கடனில் மூழ்கியவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போகிறார். தீர்மானமாகப் பேசுகிறவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறார். செலவுக்கு வரவு போதாவிட்டால் துண்டு விழுகிறது. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின் துண்டுவிழும் தொகையை எழுதி எழுதியே எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர்களின் பேனா தேய்ந்தது. தோளில் கிடக்கும் துண்டு மானத்தின் அடையாளமாகவும் இருந்தது. பெரிய மனிதர் எதிரே வந்தால் அது இடுப்புக்கு இறங்கவேண்டும். நாகசுரக் கலைஞர் தோளில் துண்டு அணியலாமா என்பதே தமிழ்நாட்டில் சுயமரியாதைப் பிரச்சினையாக எழுந்த காலம் உண்டு. இலங்கைத் தோட்டங்களிலும் துரை வரும் வழியில் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நிற்பதே வழக்கமாக இருந்தது.

இலங்கைத் தமிழில் துண்டுக்கு இன்னொரு பொருள் வலுவாக நிலைத்திருக்கிறது. எழுதிக் கொடுக்கும் சிறு தாள் அது. மருந்துக்குத் துண்டு, கடைக்குத் துண்டு, பாடசாலைக்குத் துண்டு. சிங்களமும் இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டது. மருத்துவர் எழுதித் தரும் சீட்டைச் சிங்களவர் 'பெஹெத் துண்டுவ' என்பர். கேகாலையிலோ இரத்தினபுரியிலோ ஒரு மருந்துக் கடையில் நின்றால், "துண்டுவ கோ?" என்று கடைக்காரர் கேட்பது காதில் விழும். துண்டு எங்கே என்பது கேள்வி. கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் அது தமிழ்ச் சொல் என்ற நினைப்புக்கூட இராது.

பெரியவர் சொன்ன துண்டும் ஒரு தாள்தான். அதன் வேலையைச் சற்று விளக்கமாகச் சொல்லவேண்டும்.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் திரட்டியவர் கங்காணி. அதற்காகத் தோட்டத்திடம் முற்பணம் பெறுவார். வழிச் செலவு, அரிசி, கம்பளி, ஊரில் அடைத்த பழைய கடன் எல்லாம் தொழிலாளியின் கணக்கில் ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே அவர் கடனாளி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் பொறித்த தகரவில்லையைக் கொடுத்து அவர்களை அழைத்துவரும் முறையும் வந்தது. அந்த வில்லையைக் காட்டினால் வழியில் பணம் தேவையில்லை. ஆனால் அந்தச் செலவும் தோட்டத்தின் வழியாகக் கடனாக வந்து சேர்ந்தது.

இப்படி வந்தவர்கள் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரை ஒரு தாள் எழுதித் தருவார். இன்ன கங்காணியும் அவருடைய இத்தனை ஆட்களும் இவ்வளவு கடன் பட்டிருக்கிறார்கள்; அதைச் செலுத்துவோருக்கு இவர்களை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று அதில் இருக்கும். அதுதான் துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் தேவைப்படும் துரை பழைய கடனைத் தீர்ப்பதோடு, கங்காணியின் கையில் மேலும் ஒரு தொகையைக் கொடுப்பார். ஓர் உதாரணத்துக்குச் சொல்வதானால், 1,000 ரூபாய்த் துண்டோடு புறப்பட்ட கூட்டம் 1,500 ரூபாய்க் கடனோடு புதிய லயத்தில் குடியேறும். அடுத்த துண்டில் அந்த 1,500 இருக்கும். இடையில் கைமாறிய பணத்தில் தம் பங்கு என்ன என்பது தொழிலாளிக்குத் தெரியாது. கடன் மட்டும் அவர் பேரில் நிற்கும்.

துண்டு இல்லாமல் போய்விட்டால் என்ன? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எனவே துண்டு கிடைக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இந்தக் கதையில் சப்ரகமுவவுக்குத் தனி இடம் உண்டு. 1876இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து இலங்கைக்கு வந்த றப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. முப்பது ஆண்டுகள் கழித்து உலகச் சந்தையில் றப்பர் விலை ஏறியபோது, களனிவெளியின் தாழ்ந்த மலைகளில் காடுகள் வேகமாக றப்பர்த் தோட்டங்களாயின. குறுகிய பாதை ரயில் அவிசாவளையைக் கடந்து 1912இல் இரத்தினபுரியை எட்டியது. புதிய தோட்டங்களுக்கு உடனடியாக ஆட்கள் வேண்டும். தமிழகத்துக்குக் கங்காணியை அனுப்பிக் காத்திருப்பதைவிட, ஏற்கெனவே இலங்கையில் இருப்போரைத் துண்டு கொடுத்து இழுப்பது சுலபம். றப்பர் விலை ஏற ஏறத் துண்டுத் தொகைகளும் ஏறின. பெரியவரின் தந்தையும் அத்தகையதொரு துண்டில்தான் தேயிலை மலையிலிருந்து எட்டியாந்தோட்டைக்கு இறங்கியிருக்கவேண்டும். 'வித்தாங்க' என்று அவர் சொன்னது மிகை இல்லை. தாளில் விலை இருந்தது. விலை கொடுத்தவர் ஆளைப் பெற்றார்.

சர் பொன்னம்பலம் அருணாசலம் தோட்டத் தொழிலாளரின் நிலையை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1919இல் அவர் அமைத்த தொழிலாளர் நலச் சங்கத்தின் செயலாளராகப் பெரி. சுந்தரம் பணியாற்றினார். இந்தியாவிலும் கண்டனம் வலுத்தது. முடிவில் 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஓர் எளிய தமிழ்ச் சொல் பிரித்தானிய முடியாட்சியின் குடியேற்ற நாடொன்றில் சட்டவிரோதமானது விந்தைதான்.

ஆனால் அதன் இடத்துக்கு வேறொரு தாள் வந்தது. வேலையிலிருந்து நீங்குவோருக்குத் தரப்படும் பற்றுச்சீட்டு அது. அது இல்லாதவரை வேறு தோட்டம் ஏற்காது. துரைக்குப் பிடிக்காதவருக்கோ அது விரும்பாமலே வந்து சேரும். 'பற்றுச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள்' என்றால் லயத்து அறையும் போயிற்று என்று பொருள்.

அந்தக் காலத்தில் இன்னொரு வகைத் துண்டும் தோட்டங்களுக்குள் நுழைந்தது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், வெளியார் நுழையத் தடை இருந்த தோட்டங்களுக்குள் துணி வியாபாரிபோல் சென்று தொழிலாளரைச் சந்தித்தவர். அவரும் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையும் பாட்டும் கருத்துமாக அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களை மக்களிடம் கொண்டுசென்றார்கள். ஒரு துண்டு ஆளைக் கட்டியது; இன்னொரு துண்டு கட்டை அவிழ்க்கச் சொன்னது. பத்திரிகைக்காரனாக இருந்ததில் நான் பெருமைப்படும் தருணங்களுள் நடேசய்யரை நினைக்கும் தருணமும் ஒன்று.

துண்டுக்கு நிலம் என்ற பொருளும் உண்டு. துண்டு நிலம் என்கிறோம். இந்தப் பொருள்தான் சப்ரகமுவ மக்களுக்குக் கடைசிவரை கைகூடவில்லை. 1946இல் கேகாலை மாவட்டத்தில், தொழிலாளர்கள் உருளவள்ளி என்றழைத்த நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கையகப்படுத்தியது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கிராமத்தவருக்குக் கொடுப்பது நோக்கம். அங்கேயே உழைத்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கிடைத்தது வெளியேறும்படியான அறிவித்தல். அவர்கள் மறுத்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக அயல் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் நடந்தது. வெளியேறாத தொழிலாளி ஒருவர்மீது தொடரப்பட்ட அத்துமீறல் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று. தன் வீட்டைவிட்டுப் போக மறுத்தவரின் முதன்மை நோக்கம் உரிமையாளரைத் தொந்தரவு செய்வது என்று கொள்ள முடியாது என்ற அடிப்படையில், 1950இல் தொழிலாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

வழக்கில் வென்ற அந்த ஆண்டில் அவர்களுக்கு நாடு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களையே கூறு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் ஆனார்கள். 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இன வன்செயல் சப்ரகமுவ தோட்டங்களைத் தாக்கியது. துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடுவதாக நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் தொடர், இரத்தினபுரி மாவட்டத்து லயங்களில் எழுத்துக்கு எழுத்து உண்மையானது. அந்த நாள்களுக்குப் பிறகு என்னால் அந்தத் தொடரை வேடிக்கையாக எழுத முடிந்ததில்லை.

பின்னர் வந்த சட்டங்கள், குறிப்பாக 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள், குடியுரிமையைத் தந்தன. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டத்தில் ஒரு பகுதியினருக்கு வீடுகள் கிடைத்துள்ளன. எனினும் பல்லாயிரம் குடும்பங்கள் தங்களுக்கு உரித்தற்ற லயத்து அறைகளிலேயே வாழ்கின்றன.

அண்மையில் மீண்டும் எட்டியாந்தோட்டைக்குப் போனேன். பெரியவர் எப்போதோ காலமாகிவிட்டார். அவருடைய பேத்தி, பால்வெட்டுக்குப் போய்விட்டு வந்தவர், அதே லயத்தில் எனக்குத் தேநீர் கொடுத்தார். நான் அந்தப் பழைய பிழையைச் சொல்லி, துண்டின் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது ஐயா. நாங்க கேக்குறதும் ஒரு துண்டுதான்," என்றார்.

"என்ன துண்டு?" என்று கேட்டேன்.

"இந்த வீடு எங்களுதுன்னு எழுதிக் குடுக்குற துண்டு."

இம்முறை அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.