அரைநேரப் பிள்ளைகள்: லங்காஷயர் முதல் நல்லம்பள்ளி வரை

"அப்பன் ஆத்தாளுக்கே அக்கறை இல்லை, நாம் என்ன செய்ய முடியும்?" நல்லம்பள்ளி ஒன்றியத்தில் காலனிப் பிள்ளை ஒன்று பள்ளியிலிருந்து நின்றுவிட்டால் முதலில் வரும் பேச்சு இதுதான். ஆசிரியர் சொல்வார், ஊர்ப் பெரியவர் சொல்வார். நம்மிலேயே படித்து வேலைக்குப் போன சிலரும் சொல்வார்கள். கூடவே ஓர் ஒப்பீடும் வரும்: வெள்ளைக்காரன் நாட்டில் பெற்றோர் பொறுப்பானவர்கள், அங்கே குடும்பமே வேறு மாதிரி, அதனால்தான் அந்த நாடுகள் முன்னேறின.

அந்த நாட்டுக் குடும்பங்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஏழைப் பிள்ளை பள்ளிக்குப் போனது அப்பா அம்மாவுக்குத் திடீரென்று அக்கறை பிறந்ததால் அல்ல. பிள்ளையின் உழைப்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அங்கே சட்டம் போட்டு, பணம் செலவழித்துப் பதில் சொன்னார்கள். அதே பதிலை இங்கே சொல்ல மறுத்தார்கள்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைப் பகுதியிலிருந்து தொடங்குவோம். 1833-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பஞ்சாலையில் சேர்க்கக் கூடாது என்றது. அதற்கு மேல் 13 வயதுக்குள் இருப்பவர்கள் ஆலையில் வேலை பார்க்கலாம், ஆனால் தினம் இரண்டு மணிநேரம் படிக்க வேண்டும் என்றது. 1844-இல் இது திருத்தப்பட்டு, எட்டு வயதுப் பிள்ளைகூட அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளி என்று இருக்கலாம் என்றானது. இவர்களை 'ஹாஃப் டைமர்' என்றார்கள், அதாவது அரைநேரப் பிள்ளைகள். விடியற்காலையில் ஆலைக்குப் போய்விட்டு மதியம் வகுப்பில் தூங்கி விழுந்த பிள்ளைகள் இவர்கள். இந்த ஏற்பாடு கிட்டத்தட்ட எண்பது ஆண்டுகள் நீடித்தது.

ஏன் இவ்வளவு காலம்? முதலாளிகள் மட்டும் காரணமல்ல, பெற்றோரும் அதை விடத் தயாராக இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளின் வேலை வயதை உயர்த்தக் கூடாது என்றே நின்றார்கள். அந்தச் சில ஷில்லிங் இல்லாமல் வீட்டு வாடகை கட்ட முடியாது. "நானும் இந்த வயதில்தான் ஆலைக்குப் போனேன்" என்றும் சொன்னார்கள். நம் ஊரில் செங்கல் சூளைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் அப்பனின் பேச்சும் இதுவேதான்.

ஆனால் அங்கே அரசு, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று கைகழுவிப் போகவில்லை. 1870-இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது, பள்ளி இல்லாத இடங்களில் பள்ளி கட்டப்பட்டது. 1880-இல் ஐந்து முதல் பத்து வயது வரை பள்ளிக்குப் போவது கட்டாயமானது. வீடு வீடாகப் போய் விசாரிக்க அலுவலர்கள் இருந்தார்கள், பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதமும் இருந்தது. 1891-இல் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் போனது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று 1906-இல் பள்ளி உணவுக்குச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டே பள்ளியில் மருத்துவச் சோதனை வந்தது. கடைசியாக 1918-இன் கல்விச் சட்டம் அரைநேர முறையை ஒழித்து, 14 வயது வரை முழுநேரப் பள்ளி என்றது. பொறுப்பான ஆங்கிலேயப் பெற்றோர் இப்படித்தான் உருவானார்கள்.

அந்த லங்காஷயர் பிள்ளைகள் நூற்ற பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பு அடிமைகள் பறித்தது. பறித்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கே குடும்பம் என்பதே சட்டத்தின் கண்ணில் கிடையாது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662-லேயே சட்டம் செய்தது. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740-இல் குற்றமாக்கியது.

அடிமைமுறை 1865-இல் ஒழிந்தது. உடனே மிசிசிப்பி மாநிலம் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. பெற்றோர் இல்லாத, அல்லது பெற்றோரால் காப்பாற்ற முடியாத கறுப்பினப் பிள்ளைகளை 'தொழில் பழக' வெள்ளையரிடம் ஒப்படைக்கலாம், அதில் பழைய எசமானுக்கே முன்னுரிமை என்றது அது. நேற்று வரை பிள்ளையைச் சொத்தாக வைத்திருந்தவன், இன்று 'இந்தப் பெற்றோருக்குத் தகுதி இல்லை' என்று சொல்லி அதே பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டான். பெற்றோர்மேல் குற்றம் சொல்லும் பேச்சு யாருக்குப் பயன்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அந்தப் பெற்றோர் உண்மையில் என்ன செய்தார்கள்? விடுதலை கிடைத்ததும் மனைவியையும் பிள்ளையையும் முடிந்தவரை பருத்திக்காட்டிலிருந்து மீட்டார்கள். தேவாலயத்திலும் கொட்டகையிலும் பள்ளி நடத்தினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் புக்கர் டி. வாஷிங்டனும் ஜூலியஸ் ரோசன்வால்டு என்ற செல்வரும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில் 1932-க்குள் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அவற்றுக்குக் கறுப்பின மக்கள் சில்லறை சில்லறையாகச் சேர்த்துக் கொடுத்த பணம், அந்தச் செல்வர் கொடுத்ததைவிடச் சற்றுக் கூடுதல். அரசுக்கு வரியும் கட்டி, அரசு கட்ட வேண்டிய பள்ளிக்கும் தாங்களே பணம் கொடுத்தார்கள். அப்படியும் பருத்தி பறிக்கும் பருவத்தில் அவர்களுடைய பள்ளிகள் மூடியே கிடந்தன. குழந்தைத் தொழிலாளர் பற்றி 1938-இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டமும் விவசாய வேலையைப் பெரும்பாலும் விட்டுவைத்தது.

இனி நம் பக்கம் வருவோம். இங்கிலாந்தில் 1880-இல் பள்ளியைக் கட்டாயமாக்கிய அதே ஆட்சிதான் சென்னை மாகாணத்தையும் ஆண்டது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரமன்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கடனுக்காகத் தன்னை அடகு வைத்த படியாள், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத குடும்பம் என்று நம் முன்னோரின் நிலை அதில் பதிவாகியிருக்கிறது. கல்யாணத்துக்கு வாங்கிய சிறு கடன் ஒருவனை ஆயுள் முழுக்கப் பண்ணையத்தில் கட்டிப்போட்டது. அப்பன் கடன்பட்டால் மாடு மேய்க்கப் பிள்ளை போக வேண்டும். அந்தக் குடும்பத்தில் 'பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா' என்று முடிவு செய்யும் அதிகாரம் அப்பனிடம் இல்லை, நிலக்காரனிடம் இருந்தது.

இதற்குப் பிறகு 1893-இல் பஞ்சமர் கல்விக்கென்று அரசாணை வந்தது. பள்ளிகளுக்கு உதவித்தொகையும் ஆசிரியர் பயிற்சிக்கு ஊக்கமும் அதில் இருந்தன. கட்டாயம் இல்லை. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கத்தில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்கு எதிரான வடக்குப் படையில் இருந்தவர் அவர். அயோத்திதாசர் அவரோடு தொடர்பில் இருந்தார். பள்ளி திறந்த இடத்தில் நம் மக்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்பதற்கு அந்தப் பள்ளிகளே சாட்சி.

இந்தியா முழுவதற்கும் படிப்படியாகக் கட்டாயத் தொடக்கக் கல்வி வேண்டும் என்று கோகலே 1911-இல் மசோதா கொண்டுவந்தார். 1912 மார்ச்சில் அது 38-க்கு 13 என்ற வாக்கில் தோற்றது. அரசு எதிர்த்தது, நிலவுடைமையாளர்களும் எதிர்த்தார்கள். லங்காஷயர் பிள்ளைக்குக் கிடைத்த சட்டம் நம் பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது அங்கேதான்.

வெள்ளையன் போன பிறகு அரைநேரப் பள்ளி இங்கே வந்தது. 1953-இல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்கு அருகே. அன்றைக்கு அதுவும் நாமும் ஒரே சேலம் மாவட்டம். அவர் திட்டப்படி பள்ளி தினம் மூன்று மணிநேரம் மட்டும், மீதி நேரம் பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு இரண்டு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம்.

குயவர் பிள்ளைக்குச் சக்கரம், தச்சர் பிள்ளைக்கு உளி என்று அந்தத் திட்டத்துக்கு அழகாக விளக்கம் சொன்னார்கள். காலனிப் பிள்ளைக்கு எந்தத் தொழில்? செத்த மாடு தூக்குவதா, சாவுக்குப் பறை அடிப்பதா, பண்ணையத்தில் சாணி அள்ளுவதா? அவை நம் குடும்பத் தொழில்கள் அல்ல, நம் குடும்பத்தின்மேல் சுமத்தப்பட்ட ஊழியம். பெரியார் இதைக் குலக்கல்வி என்று சொல்லிப் போராடினார், திராவிட இயக்கமே எழுந்தது. 1954-இல் காமராசர் ஆட்சி வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. பிரிட்டன் 1906-இல் கற்ற பாடத்தை நாம் அரை நூற்றாண்டு கழித்துக் கற்றோம். சோறு போட்டதும், பக்கத்தில் பள்ளி வந்ததும் பிள்ளைகள் வந்தார்கள். 'அக்கறை இல்லாத' அதே பெற்றோர்தான் அனுப்பினார்கள்.

கதை அங்கேயே முடிந்துவிடவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத்துக்கும் குடும்பத் தொழிலுக்கும் உதவலாம் என்று அதில் விலக்கு வைத்தார்கள். குடும்பம் என்ற சொல்லைக் காட்டிப் பிள்ளையின் உழைப்பை எடுப்பது மிசிசிப்பியில் நடந்தது, 1953-இல் நடந்தது, இப்போதும் நடக்கிறது.

நல்லம்பள்ளிப் பக்கம் மழை பொய்த்தால் காலனியே கிளம்பிவிடும். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி. பிள்ளையை ஆயாவிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் கையோடு கூட்டிப்போக வேண்டும். இந்தக் குடும்பங்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டென்றால் அது ஆதிதிராவிடர் நல விடுதிதான். அங்கே சோறும் படுக்கையும் கழிப்பறையும் சரியாக இருந்தால் பிள்ளை படிக்கும், இல்லாவிட்டால் நிற்கும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் கொண்டுவரப்போவதாக 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. இணைப்பதா தனியாக வைப்பதா என்ற வாதம் நடக்கட்டும். எந்தத் துறையின் கையில் இருந்தாலும், நமக்கென்று ஒதுக்கிய பணம் நம் பிள்ளையின் தட்டுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி.

இதே மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியும் அதை அடுத்த காலனிகளும் கொளுத்தப்பட்டபோது, எரிந்தவற்றில் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் இருந்தன. அக்கறை இல்லாத வீட்டில் சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்க மாட்டார்கள்.

இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டியது உள்ளாட்சியின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அடுத்த கிராம சபையில் நாம் கேட்க வேண்டியவை இவை: வேலைக்கு வெளியூர் போன குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களின் பெயர்ப்பட்டியல் எங்கே, விடுதியில் எத்தனை இடம் இருக்கிறது, பள்ளி மேலாண்மைக் குழுவில் காலனிப் பெண்கள் எத்தனை பேர். இந்தக் கேள்விகளுக்குப் பதில் வரும்வரை, அப்பன் ஆத்தாளின் அக்கறையைப் பற்றிப் பேச யாருக்கும் தகுதி இல்லை.