வாங்கின விலையை விட விற்ற விலை அதிகம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்டில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ண, தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து பேர் கீழே பார்க்கிங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். சுற்றி நிற்பது எல்லாம் வண்டி. பேச்சும் வண்டியைப் பற்றித்தான் போனது. அவரவர் வீட்டில் இருந்ததிலேயே உருப்படியான வண்டி எது, தண்டம் எது?

திருநெல்வேலிக்காரர் அம்பாசடருக்கு ஓட்டுப் போட்டார். ஒன்பது பேர் ஏறி குற்றாலம் போன கதையும் கூடவே வந்தது. சேலத்துக்காரர் புல்லட்டைப் பாதி புகழ்ந்து பாதி திட்டினார். என் முறை வந்தபோது தயங்காமல் சொன்னேன்: "தண்டம் என்றால் எங்கப்பா வாங்கின ஸ்கூட்டர்தான். ஏழு வருஷம் காத்திருந்து வாங்கி, நாலே நாளில் இன்ஜின் கோளாறு என்று தள்ளிவிட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அது நல்ல வண்டிடா. நான் வச்சிருந்ததிலேயே நல்ல வண்டி அதுதான்" என்றார்.

நான் பி.காம். இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுபவன். கார் லோனும் டூவீலர் லோனும் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். இருந்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை பாருங்கள்: நாலு நாளில் ரிப்பேரான ஸ்கூட்டரை எவன் வாங்கியிருப்பான்?

மீதியை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் தேவைப்படுகிறது. எண்பதுகளுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இது அம்புலிமாமா கதை மாதிரி இருக்கும்.

பி.காம். முதல் வருஷத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு வகை. கணக்கில் எப்போதும் ஒரு லாரியோ காரோ இருக்கும். ஷோரூமை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து வண்டியின் மதிப்பு இறங்கும், அதற்கு விதிவிலக்கு கிடையாது என்று வாத்தியார் அடித்துச் சொல்வார். ஆனால் அவர் சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்டில், அதற்குப் பத்து வருஷம் முன்பு வரை, ஸ்கூட்டருக்கு மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. புது வண்டியை விட ஓட்டின வண்டி விலை அதிகம்!

காரணம் லைசென்ஸ் ராஜ். எந்தக் கம்பெனி வருஷத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதை டெல்லியில் முடிவு செய்தார்கள். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் தயாரித்தால் பாராட்டு கிடைக்காது, நோட்டீஸ்தான் கிடைக்கும். பஜாஜ் கம்பெனி இத்தாலியின் பியாஜியோவோடு போட்டிருந்த ஒப்பந்தம் 1971-ல் முடிந்தது. 1972-ல் மகாராணா பிரதாப்பின் குதிரை பெயரில் சேத்தக் வந்தது. வாங்க ஆள் இருந்தது, செய்ய ஆலை இருந்தது, அனுமதி மட்டும் சொட்டு சொட்டாக வந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் சேத்தக்குக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்து வருஷம் வரை காத்திருந்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் பதிவு செய்து, பிள்ளை ஸ்கூலுக்குப் போன பிறகு வண்டி எடுத்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள்.

சீக்கிரம் வேண்டுமா? அதற்கும் வழி இருந்தது. அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் வரிசையைத் தாண்டி வண்டி கிடைக்கும். மஸ்கட்டிலோ குவைத்திலோ மச்சான் இருக்கிற வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது இப்படித்தான். இதைப் படிக்கிறவர்களில் சிலருடைய அப்பாக்களோ மாமாக்களோ அப்படிப் பணம் அனுப்பியிருப்பார்கள். உள்ளூர் மனுஷனுக்கு ரூபாயும் பொறுமையும்தான் இருந்தன.

காத்திருக்க முடியாதவர்கள் கிடைத்ததை வாங்கினார்கள். லாம்ப்ரெட்டா செய்த இத்தாலிய இன்னோசென்டி கம்பெனியின் இயந்திரங்களை மூட்டை கட்டி வாங்கி, 1972-ல் லக்னோவில் அரசாங்கமே ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்று ஆரம்பித்தது. அதன் விஜய் சூப்பரை சுலபமாக வாங்கலாம். ஊருக்குள் அதற்கு மரியாதை ஒரு படி கம்மிதான். வண்டி மோசம் என்பதை விட, சுலபமாகக் கிடைத்ததுதான் அதன் குற்றம் என்று நினைக்கிறேன். சேத்தக் மட்டும் என்ன, காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அதையும் ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து... அப்பாக்களின் காலை நேரத் தேகப்பயிற்சியே அதுதானே. ஆனால் பத்து வருஷம் காத்திருந்து வந்த வண்டியை யாராவது மட்டம் என்று சொல்வார்களா? அப்படிச் சொன்னால் அந்தப் பத்து வருஷம் என்ன ஆவது?

காரிலும் இதே கூத்துதான். 1983 ஏப்ரலில் மாருதி முன்பதிவு திறந்தபோது பத்தாயிரம் ரூபாய் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேர் கொடுத்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் 14-ம் தேதி முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கையால் வாங்கியவர் ஹர்பால் சிங். குலுக்கலில் வந்த அதிர்ஷ்டம். அவர் அந்தக் காரை விற்கவே இல்லை. 2010-ல் காலமாகும் வரை வைத்திருந்தார். மாருதி வந்த பிறகுதான் அம்பாசடரையும் பத்மினியையும் நம் ஜனங்கள் முதன்முதலாக உண்மையான கண்ணால் பார்த்தார்கள் என்பது என் கட்சி. அதுவரை ஒப்பிட வேறு எதுவும் இல்லையே.

அப்படி உண்மையான கண்ணில் மாட்டிக்கொண்டு அடி வாங்கியது நம்ம சென்னைக் கார் ஒன்று. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-லிருந்து ஹெரால்டு செய்தது. முன் பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரித் திறக்கும், சின்னச் சந்தில்கூடத் திரும்பும். சென்னையில் டாக்டர்களும் வக்கீல்களும் பிரியமாக வைத்திருந்த வண்டி. அதே கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பிரம்மாண்டத்தை இறக்கியது. வெளித்தோற்றம் இங்கிலாந்தின் ரோவர். பார்த்தால் அப்படியே மயங்கிவிடலாம். பானட்டைத் திறந்தால் உள்ளே பழைய வேன்கார்டு வம்சத்து இன்ஜின். பட்டு வேட்டிக்கு உள்ளே கிழிந்த பனியன் போல. விலையோ அம்பாசடரை விடப் பல மடங்கு. பெட்ரோலும் குடித்தது. மூன்றே வருஷம், 1988-ல் கதை முடிந்தது. மிச்சமிருந்த உதிரி பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற பழைய கார் ஸ்பேர்ஸ் வியாபாரி வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே பழைய ரோவர் வைத்திருப்பவர்களுக்கு வண்டலூர்ச் சரக்கு உதவியது. இந்த ஒரு வரவை அந்தக் கம்பெனி பேலன்ஸ் ஷீட் போட்டவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

வாழ வந்த ஊரையும் விட்டுவிடக் கூடாது. பெங்களூர் இன்று மென்பொருள் ஊர், அதற்கு முன்னால் ஹெச்ஏஎல், ஹெச்எம்டி ஊர் என்றுதான் நமக்குத் தெரியும். இங்கே கார்க் கம்பெனியும் இருந்தது! சன்ரைஸ் ஆட்டோமோட்டிவ் என்ற கம்பெனி எழுபதுகளில் பாதல் என்று ஒரு மூன்று சக்கரக் காரைச் செய்தது. ஃபைபர் பாடி. பிறகு 1982-ல் இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவி டால்ஃபின். அதுவும் ஃபைபர்தான், இரண்டே கதவு. எடை குறைவு என்பதால் சோழவரத்தில் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் பாட்டியைப் பின் சீட்டில் ஏற்ற வேண்டிய குடும்பஸ்தனுக்கு இரண்டு கதவு எப்படிப் போதும்? ஒரு வருஷம் கழித்து நாலு கதவோடு மாருதி வந்தது. அவ்வளவுதான்.

2001-ல் இதே பெங்களூரிலிருந்து ரேவா என்ற மின்சாரக் கார் வந்தது. பொம்மசந்திராவில் செய்தார்கள். பொம்மைக் கார் என்று ஊரே கேலி செய்தது. நானும் செய்திருக்கிறேன். லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. அங்கே அதன் பாதுகாப்பைக் கிழித்துத் தொங்கவிட்டவர்களும் உண்டு, நெரிசல் கட்டணம் இல்லை என்று ஆசையாக வாங்கியவர்களும் உண்டு. 2010-ல் மஹிந்திரா அதன் பெரும்பங்கை வாங்கியது. இன்று சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது பச்சை நம்பர் பிளேட் வண்டிகளை எண்ணிப் பாருங்கள், கேலி செய்த வாய் தானாக மூடிக்கொள்ளும்.

கேலிக்கு ஆளாகிக் கடைசியில் கோயில் கட்டப்பட்டவை என்றால் மோட்டார் சைக்கிள்கள்தான். மைசூரில் ஐடியல் ஜாவா ஃபேக்டரி 1961-ல் ஆரம்பித்தது, மைசூர் மகாராஜா திறந்து வைத்தார். ஜாவா, பிறகு 1973-லிருந்து யெஸ்டி. கிக்கரும் கியரும் ஒரே லீவர். 1985-ல் நூறு சிசி ஹோண்டாக்கள் வந்து லிட்டர் கணக்குப் பேச ஆரம்பித்ததும் யெஸ்டி தேய்ந்து, 1996-ல் ஃபேக்டரியே மூடியது. ராஜ்தூத் 350 இன்னும் பாவம். யமஹாவின் சக்தியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள், வெளிநாட்டு மாடலில் இருந்த டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் பிரேக் வைத்தார்கள், பெட்ரோலையோ அண்டா அண்டாவாகக் குடித்தது. 1983-ல் வந்தது, பத்து வருஷம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. இன்று ஜே.சி. ரோட்டில் அதன் ஸ்பேருக்கு அலைகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா தினம் என்று பெங்களூரில் வரிசை கட்டிப் போகிறார்கள். மறுபடியும் வாங்கின விலையை விட விற்கிற விலை அதிகம். என்ன, அன்றைக்கு வண்டி கிடைக்காததால் விலை ஏறியது, இன்றைக்கு நிறுத்திவிட்டதால் ஏறுகிறது.

என்னைக் கேட்டால் நல்ல வண்டி என்ற பட்டத்தை இவை எதற்கும் கொடுக்க மாட்டேன். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற ஓசூரில் 1980-ல் பிறந்த டிவிஎஸ் 50-க்குத்தான் கொடுப்பேன். இரண்டு பேர் உட்காரலாம் என்ற முதல் இந்திய மொபெட். இரண்டு பேரா? வாழைத்தார், பால் கேன், கேஸ் சிலிண்டர், கோழிக்கூடை, முன்னால் நிற்கிற பிள்ளை, பின்னால் பொண்டாட்டி. கியர் போடத் தெரியாதவனும் ஓட்டலாம். யாரும் அதை அந்தஸ்துக்காக வாங்கவில்லை, வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்று வாங்கினார்கள். சின்ன ஊர்க் கிளையில் நான் இருந்தபோது மொபெட் கடன் வாங்கியவரைத் தேடி நான் போனதே இல்லை. அவரே கடை மூடிவிட்டுக் கசங்கின நோட்டோடு வருவார். கார்க் கடன்காரர்களைத் தேடிப் போன கதையை இங்கே எழுதினால் வேலை போய்விடும் :-)

சரி, கொசுவத்திச் சுருளைச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

நான் பிறந்த 1978-ல் அப்பா ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தார். கும்பகோணத்தில் தாலுகா ஆபீஸ் கிளார்க். வண்டி 1985-ல் வந்தது. சங்கத்தில் லோன் போட்டு எட்டாயிரத்துச் சொச்சம் கட்டி, தஞ்சாவூரில் டெலிவரி எடுத்து அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, என்னை முன்னால் நிற்க வைத்து சுவாமிமலை போனோம். காற்று கண்ணில் அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. நாலாவது நாள் வண்டி இல்லை. இன்ஜின் சரியில்லை, ஏமாந்துட்டேன் என்று வீட்டிலும் ஆபீஸிலும் சொன்னார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் சைக்கிள்தான். 1993-ல் ஒரு மொபெட் வாங்கினார்.

கரண்ட் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மீதியைச் சொன்னார். இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை. அந்த மாசம் அத்தைக்குக் கல்யாணம். பேசின நகையில் இரண்டு பவுன் குறைந்தது. கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் உடனே வண்டி வேண்டும் என்று மூவாயிரத்து ஐந்நூறு கூடுதலாகக் கொடுத்தார். பேர் மாற்றம் அப்புறம். கொண்டு போய் விட்டுவிட்டு வந்துவிட்டார். அம்மா வைத்த மஞ்சள் குங்குமம்கூட அழியவில்லை.

"அதுக்கு ஏன்பா வண்டி மேல பழி போட்டீங்க?" என்றேன்.

"உங்கத்தை ஒவ்வொரு தடவையும் என்னை சைக்கிள்ல பாக்கும்போது என்ன நினைப்பா? வண்டி மோசம்னு சொல்லிட்டா யாருக்கும் ஒண்ணுமில்லை பாரு."

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது, ஒரு வார்த்தை சொன்னதில்லை. அத்தை திருச்சியில் இருக்கிறார், இதைப் படிப்பார். அதனால் அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "இப்ப என்ன, எழுது" என்றார்.

நேற்று என் பெண்ணுக்காக ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்க்க ஷோரூம் போனோம், அப்பாவும் கூட வந்தார். 2020-லிருந்து சேத்தக்கே மின்சார அவதாரம் எடுத்திருக்கிறது என்று காட்டினேன். தடவிப் பார்த்தார். இன்றைக்குப் பணம் கட்டினால் எத்தனை வருஷத்தில் வரும் என்று விற்பனைப் பையனிடம் கேட்டார். வியாழக்கிழமை என்றான் அவன். மேலே எவ்வளவு கொடுக்கணும் என்று என் காதில் கேட்டார். கொடுக்க வேண்டாம்ப்பா, அவர்களே ஐயாயிரம் குறைக்கிறார்கள் என்றேன்.

"அப்போ வண்டியில ஏதோ கோளாறு இருக்கு. நல்லா விசாரிச்சுட்டு வாங்கு."